கேப்பை டின்னுக்குள் இருந்த போன்

எனக்கு முட்டி வலி கிடையாது. அறுபத்தேழு வயதில் இப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் இல்லை. அரை நாள் குந்தி உட்கார்ந்து களை எடுப்பேன், கையை ஊன்றாமல் எழுந்துகொள்வேன். அப்படிப்பட்ட நான் திண்டிவனத்தில் ஒரு அக்குபங்சர் வீட்டில் முட்டி வலிக்காக ஐந்து தடவை ஊசி போட்டுக்கொண்டேன். எனக்கு முட்டி வலி என்று என் ஓரகத்தி சொல்லிவிட்டாள். இல்லை என்று மறுத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. கிளியனூர் பக்கம் எங்கள் ஊரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, எங்கே போனாலும் சேர்ந்துதான் போவோம். அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். வாத்தியார் கேள்வி கேட்டால், விடை தெரிந்திருந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாக்கப்பட்டு வந்த வீட்டில் ஓரகத்தியின் வாய் எனக்கும் சேர்த்துக் கிடைத்தது. முப்பத்தெட்டு வருஷமாக அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

என் கஷ்டம் முட்டியில் இல்லை. போனில் இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு மழைக்காலத்தில், என் வீட்டுக்காரர் மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்க விழுப்புரம் போனார். பதினோரு மணிக்குத் திரும்பிவிடுகிறேன் என்றார். ஒரு மணிக்கு என் போன் அடித்தது. அவர் பெயர்தான் தெரிந்தது. வெளியில் யாரிடமும் பேசாத நான் அவரிடம் மட்டும் நன்றாகப் பேசுவேன். எடுத்ததும் அவரைப் பேச விடவில்லை.

"எங்க சுத்திகினு இருக்கீங்க? மீன் கொழம்பு ஆறிப் போவுது. வீடுன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்து போச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் வேறு ஒரு ஆண் குரல் கேட்டது.

"யம்மா, இந்த போன்காரருக்கு நீங்க இன்னா வேணும்?"

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு போன் மணி அடித்தால் என் உடம்பு என் பேச்சைக் கேட்காது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், விரல்கள் ஆடும். என் போன் என்று இல்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போன் அடித்தாலும் அப்படித்தான். என் போனை ஒரு துண்டில் சுற்றி, கேப்பை வைத்திருக்கும் டின்னுக்குள் புதைத்து மூடியைப் போட்டேன். அடித்தால் கேட்காது. ராத்திரி படுத்தால் அது அடிக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருப்பேன், அது வேறு.

என் மகன் விழுப்புரத்தில் பஸ் டிப்போவில் மெக்கானிக். எனக்கு அடித்துப் பார்ப்பான், நான் எடுக்க மாட்டேன், ஓரகத்திக்கு அடிப்பான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "உங்கம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு நிக்குதுப்பா, நல்லாத்தான் கீது" என்பாள். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் ஓரகத்தி ஓமந்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். அங்கே மேளச் சத்தத்தில் அவளுக்கு போன் கேட்கவில்லை. நடுப்பகலில் என் மகனுடைய பைக் வாசலில் வந்து நின்றது. சட்டையெல்லாம் வேர்வை.

"யம்மோவ்! பதினாலு தடவ அடிச்சேன். போன் எங்க?"

என் கண் டின் பக்கம் போனதைப் பார்த்துவிட்டான். மூடியைத் திறந்து, கேப்பைக்குள் கையை விட்டு, துண்டோடு போனை எடுத்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ விழுந்து கெடக்கிறியோன்னு நெனச்சிகினே வந்தேன்மா. வண்டியே ஓட்ட முடியல. அப்பாவத்தான் அப்படி உட்டுட்டோம்."

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போகும்போது சொன்னான்.

"மல்லாட்டை புடுங்கற வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நீ போன எடுத்துப் பேசுனா இங்க இரு. இல்லன்னா மாட்ட சித்திகிட்ட உட்டுட்டு என்கூட வந்துடணும். இதுக்கு மேல என்னால முடியாதும்மா."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவன் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். கருமாதி முடிந்து ஒரு மாதம் அங்கே இருந்தேன். மருமகள் தங்கமானவள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, மூன்று போன், அதற்கு மேல் ஒரு காலிங் பெல். ஒரு நாளில் பாதி நேரம் நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், சத்தம் கேட்காமல் இருக்க. இங்கே முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது, ஒரு பசு இருக்கிறது, காலையில் எழுந்தால் கைக்கு வேலை இருக்கிறது. அங்கே போனால் இந்தப் பயம் என்னை முழுசாகத் தின்றுவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அன்றைக்குக் கொல்லையில் மல்லாட்டைச் செடி, அதுதான் வேர்க்கடலை, மஞ்சளாகப் பூ விட்டிருந்தது. பிடுங்க இன்னும் பத்து வாரம்.

ஓரகத்திக்கு நிஜமாகவே முட்டி வலி. செவ்வாயும் வெள்ளியும் திண்டிவனம் போய் அக்குபங்சர் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். அங்கே ஒரு பொம்பளை தூக்கமே வராமல் இருந்து இப்போது தூங்குகிறாள், மனசு லேசாகிவிட்டதாம் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு பஸ்ஸில் துணை கிடைத்த சந்தோஷம்.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போன் அடிச்சா நெஞ்சு படபடங்குதுங்க. போன் அடிச்சா நெஞ்சு படபடங்குதுங்க.

அது ஒரு சாதாரண வீடு. கூடத்தில் ஆறு கட்டில், நடுவில் திரைச்சீலை, சுவரில் உடம்புப் படம் ஒன்று, அதில் புள்ளி புள்ளியாக வைத்திருந்தது. ஊசி போடுகிறவர் நாற்பத்தைந்து வயதுப் பெண். டாக்டரம்மா என்று கூப்பிட்டால், "டாக்டர் இல்லைங்க, நான் அக்குபங்சர் மட்டும் படிச்சவ" என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் மேடம்.

மேடம் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஓரகத்தி, "அதே தாங்க, எங்க அக்காவுக்கும் முட்டி. எங்க குடும்பத்துக்கே முட்டிதாங்க" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு ஊரில் பிறந்து ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். எங்கள் முட்டிகளுக்குள் என்ன சொந்தம்? ஆனால் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டினேன். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்.

ஊசி என்றதும் நான் கோணி தைக்கிற ஊசியை நினைத்துப் பயந்திருந்தேன். இது தலைமுடி மாதிரி இருந்தது. பஞ்சால் துடைத்து, புது உறையைப் பிரித்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. முட்டிக்குக் கீழே இரண்டு, முழங்கையில் ஒன்று. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓரகத்தி சும்மா இருப்பாளா?

"மேடம், முட்டி கீழ கீது, நீங்க கையில குத்தறீங்க. ஊசிக்கு அட்ரஸ் தெரியுமா?"

"உங்க வாய்க்கு ஒரு புள்ளி இருக்குங்க. அங்க குத்தட்டுமா?"

கூடமே சிரித்தது. ஓரகத்தியும் சிரித்தாள்.

இருபது நிமிஷம் அசையாமல் படுக்க வேண்டும். மல்லாக்கப் படுத்து, ஒன்றும் செய்யாமல், மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்துக்கொண்டு பகலில் இருபது நிமிஷம் நான் படுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிள்ளை பெற்ற போதுகூட அப்படிப் படுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் தோள் இறங்கியது. அது அத்தனை நாளும் காதுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது. வலிக்காத முட்டிக்குப் போட்ட ஊசியே இந்த வேலை செய்கிறதே என்று நினைத்தேன்.

அப்போது ஜன்னல் ஓரத்தில் ஒரு போன் அடித்தது.

அங்கே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கூடை உண்டு. படுக்கிறவர்கள் போனை அதில் போட்டுவிட வேண்டும். ஆஃப் பண்ணச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆஃப் பண்ணத் தெரியாது, மீதிப் பேருக்குத் திரும்ப ஆன் பண்ணத் தெரியாது. அதனால் கூடையில் போட்டு மேலே ஒரு துண்டை மூடிவிடுவார்கள். துண்டுக்கடியில் அவை பாட்டுக்கு அடித்து ஓயும். ஒன்று சாமி பாட்டு, ஒன்று குழந்தை சிரிக்கிற சத்தம், இரண்டு மூன்று பழைய மணிச் சத்தம். ஒவ்வொன்றுக்கும் நான் போர்வைக்குள் நடுங்கினேன். ஆடுகிற விரல்கள் போர்வைக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஐந்து தடவை போய் வந்தேன். மல்லாட்டைப் பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நான் இன்னும் முட்டிக்காரியாகவே இருந்தேன்.

ஆறாவது தடவை மேடம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு ஊசி வைத்தார். கை போர்வைக்கு வெளியே இருந்தது. அவர் திரும்புவதற்குள் கூடையில் அந்தப் பழைய மணிச் சத்தம். என் கையில் நின்ற ஊசியின் தலை கிடுகிடுவென்று ஆடியது, காற்றில் அருகம்புல் ஆடுவது போல. மேடம் அதைப் பார்த்தார். போன் நின்றது. ஊசியும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அவர் நகரவில்லை. மறுபடியும் போன் அடித்தது. மறுபடியும் ஊசி ஆடியது.

"ஏம்மா, முட்டி வலிக்காரங்களுக்கு போன் அடிச்சா ஊசி ஏன் ஆடுது?"

"எங்க அக்காவுக்கு முட்டி தாங்க..." என்று பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள் ஓரகத்தி.

"நீங்க பேசாதீங்க. நான் அவங்களைக் கேக்கறேன்."

எல்லோர் காதும் என் பக்கம். மல்லாட்டைக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. நான் காத்தாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்கு முட்டி நல்லாத்தான் கீதுங்க. போன் அடிச்சாத்தான் உசுரு போவுது."

யாரும் சிரிக்கவில்லை. கடைசிக் கட்டிலில் இருந்த ஒரு கிழவி மட்டும், "எனக்கு ஆம்புலன்ஸ் சத்தம்டியம்மா" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஓரகத்தி கிளியனூர் வருகிற வரைக்கும் பேசவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இறங்கப் போகும்போது, "ஏன்க்கா, என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

"நீ எங்கடி உட்ட?"

"அதுவும் சரிதான்" என்றாள்.

மேடம் உடனே ஊசியை மாற்றவில்லை. முதலில் ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டிவிட்டு வாருங்கள், சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊசி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது, இது பயத்தினால் வருவது, மனசில் இருப்பதை யாரிடமாவது சொல்லுங்கள் என்றார் அந்த டாக்டர். பிரஷருக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அதை ஒழுங்காகப் போடு, ஊசிக்காக நிறுத்தாதே என்று மேடமும் சொன்னார்.

அடுத்த தடவை திரையை இழுத்து மூடினார். மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி உள் கையில் ஒரு ஊசி. சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு மடிப்பில் ஒன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என் புருவத்துக்கு நடுவில் விரலை வைத்து, "இங்க வைக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

நான் பொட்டு வைத்த இடம் அது. அந்த இடத்தில் யார் விரலும் பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"வைங்க" என்றேன்.

ஊசி நின்றதும் நெற்றி மொத்தமும் கனத்து, பிறகு லேசானது. கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. கையில் ஊசி இருந்ததால் துடைக்க முடியவில்லை, மேடம் பஞ்சால் ஒற்றினார். அப்போதுதான் மீன் குழம்பைப் பற்றிச் சொன்னேன். அதை அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, மகனிடம்கூட.

"கடைசியா அவரைத் திட்டிட்டேங்க. செத்தவரைப் போயி, வீடு இருக்கிறது மறந்து போச்சான்னு கேட்டேன்."

மேடம் பஞ்சைக் கீழே வைத்தார். "அவருக்கு அது கேக்கவே இல்லையேம்மா. கேட்டது அந்த இன்னொரு ஆளுதான். காலையில அவர் கிளம்பறப்ப என்ன சொன்னீங்க?"

நினைத்துப் பார்த்தேன். "பையில கொடை வச்சிருக்கேன், மறந்துடாதீங்கன்னு சொன்னேன்."

"அதுதாம்மா அவர் கேட்டது."

ஊசி பயத்தை எடுத்துவிடும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "உடம்பு அமைதியாப் படுத்திருக்கிற நேரத்துல மனசு கொஞ்சம் பேச்சு கேக்கும், அவ்வளவுதான்" என்பார். எனக்கு அந்த அவ்வளவே போதுமாக இருந்தது. இரண்டு வாரத்தில் ராத்திரித் தூக்கம் திரும்பியது. யாருடைய போன் அடித்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் ஓடி ஒளியத் தோன்றாது. மணிக்கட்டில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு நின்ற இடத்தில் நிற்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஊசி எடுத்துவிட்டார்கள். ஓரகத்திக்கு முடியட்டும் என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கூடையில் ஒரு போன் விடாமல் அடித்தது. நின்றது, மறுபடியும் அடித்தது. மேடம் ஒருவருக்கு முதுகில் ஊசி வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் போனைக் கொஞ்சம் எடுத்து, அப்புறம் பேசச் சொல்லிடுங்களேன்."

என்னைத்தான் சொன்னார். அங்கே வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னாரா என்று இன்று வரைக்கும் நான் கேட்கவில்லை. மணிக்கட்டை அமுக்கினேன். துண்டை விலக்கினேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

"ஏய், எங்கடி போய்த் தொலைஞ்ச? கேஸ்காரன் வந்து வாசல்ல நிக்கிறான், அந்த புக்க எங்க வச்ச? ஜல்தியா சொல்லு!"

"அவங்களால இப்ப பேச முடியாதுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அதற்குள் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன்.

"யாரு... யாரு பேசறது? அவளுக்கு இன்னா ஆச்சு?" அந்த மனிதர் குரல் உடைந்துவிட்டது.

"நல்லா இருக்காங்க!" என்று நான் கத்தினேன். "நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்க! அக்குபங்சர் போட்டுகினு படுத்திருக்காங்க!"

அவர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "அடப் பாவி... என் உசுரே போயிடுச்சும்மா. அதுகிட்ட கேஸ் புக்கு எங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

"ஃப்ரிட்ஜ் மேல!" என்று மூன்றாவது கட்டிலிலிருந்து அந்த அம்மாள் கத்தினாள். "தினமும் அங்கதான் இருக்குது, கண்ணு தெரியாது!"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். போனைக் கூடையில் போட்டுத் துண்டை மூடினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் என் பயத்தை நினைக்கவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் போனை எடுத்த அந்த ஆளை நினைத்தேன். இரண்டு வருஷமாக அந்தக் குரலை வெறுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் கை நடுங்கியிருக்கும். எனக்காவது "நல்லா இருக்காங்க" என்று சொல்ல முடிந்தது. அவனுக்குச் சொல்ல என்ன இருந்தது? என் மகன் போய்ச் சேரும் வரைக்கும் அவன் தன் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே, என் வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மகன் அப்போதே சொன்னான். அது என் காதில் ஏறியது இப்போதுதான்.

அதிலிருந்து கூடை என் பொறுப்பாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஊசி எடுத்ததும் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துவிடுவேன். எந்தப் போனை எடுத்தாலும் முதல் வார்த்தை ஹலோ கிடையாது. "நல்லா இருக்காங்க. ஊசி போட்டுகினு படுத்திருக்காங்க. அரை மணி கழிச்சுப் பேசுங்க." இதை ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவேன். ஒரு மருமகள், "நல்லா இருக்காங்கன்னு எனக்கும் தெரியும், எப்ப வருவாங்க?" என்பாள். குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவுக்கு அடித்துவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க ஆயா?" என்று என்னையும் கேட்பாள். நாலு வாரத்தில் நான் முன்பின் தெரியாத எத்தனையோ பேரோடு பேசிவிட்டேன். ஓரகத்தி கட்டிலில் படுத்துக்கொண்டு கேலி பண்ணுவாள்.

"எங்க அக்காவுக்கு வாய் வந்துடுச்சு, இனிமே எனக்கு வேலை இல்ல."

ஆனால் என் போன் மட்டும் அடிக்கவேயில்லை. மேடம் சொன்னபடி டின்னிலிருந்து எடுத்து, கேப்பையைத் தட்டிவிட்டு, அதையும் கொண்டுபோய்க் கூடையில் போட்டுவந்தேன். எனக்கு அடித்துப் பிரயோஜனம் இல்லை என்று மகன் எப்போதோ விட்டுவிட்டான். ஓரகத்திக்கு மட்டும்தான் அடிப்பான். நானே அவனுக்கு அடித்திருக்கலாம். நம்பரைப் போட்டுவிட்டு, அழுத்துகிற நேரத்தில் விரல் நின்றுவிடும். பங்குனி பிறந்தது. மல்லாட்டையைப் பிடுங்கிவிட்டோம். ஊர்ப் பெண்கள் வந்து காயை ஆய்ந்தார்கள், வாசலில் பரப்பிக் காய வைத்தேன். மகன் ஓரகத்தியிடம் சொல்லிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அம்மாவைத் துணிமணி எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்று.

"நீதான் இப்ப போன்ல பேசறியேக்கா. நான் சொல்றேன் அவன்கிட்ட" என்றாள் ஓரகத்தி.

"நீ சொல்லக் கூடாதுடி. சொல்றதா இருந்தா நான்தான் சொல்லணும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டாள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கூடையில் ஏழு போன். பட்டன் போனே நாலு, எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு, ஒரே மாதிரி மணி. கூடத்தில் கூட்டம். நாலைந்து போனை அதற்குள் எடுத்துப் பேசி வைத்திருந்தேன். இன்னொன்று அடித்தது. பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்காங்க. ஊசி போட்டுகினு படுத்திருக்காங்க. அரை மணி கழிச்சுப் பேசுங்க."

வைக்கப் போனேன்.

"யாரும்மா படுத்திருக்காங்க?"

மகன் குரல். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பட்டனுக்கு நடுவில் கேப்பைத் தூசி பழுப்பாக ஒட்டியிருந்தது. என் போன்தான்.

"அம்மா? நீதானே பேசற? சித்தி எடுக்கல, சும்மா அடிச்சுப் பாத்தேன்... நீயா எடுத்த?"

என் கையைப் பார்த்தேன். ஆடவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, அது சந்தோஷத்தில் அடித்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"நான்தான்டா" என்றேன். "நல்லா இருக்கேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் பஸ் இன்ஜின் உறுமியது. நான் அவசரப்படுத்தவில்லை. கூடம் மொத்தமும் ஊசியோடு படுத்துக்கொண்டு காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் அவன் கேட்டான். "ஞாயித்துக்கிழமைக்குக் குட்டியானை பேசி வச்சிருக்கேன்மா, உன் கட்டில், பெட்டியெல்லாம் ஏத்தறதுக்கு. வேணாம்னு சொல்லிடவா?"

"வேணாம்னு சொல்லாதடா. வண்டி வரட்டும். மல்லாட்டை மூட்டைய விக்கறதுக்குக் கமிட்டிக்கு ஏத்திகினு போவணும்."

பக்கத்துக் கட்டிலில் ஓரகத்தி காலில் ஊசியோடு கையைத் தட்டினாள். "அசையாதீங்க!" என்று மேடம் அதட்டினார். முகத்தை அவர் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது, மகன் வந்தான். மூட்டைகளை ஏற்றினோம். கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. மகன் ஏறிய வண்டி தெருமுனை திரும்பும்போது என் போன் அடித்தது. மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டு மூன்றாவது மணியில் எடுத்தேன். இப்போதும் நான் மூன்றாவது மணியில்தான் எடுப்பேன், அதற்கு முன்னால் முடியாது. வாரத்துக்கு இரண்டு நாள் ஊசி இப்போது மாதத்துக்கு இரண்டு நாளாகிவிட்டது. அந்த நாட்களில் கூடை என்னுடையதுதான்.

"இன்னாடா? ஏதாவது மறந்துட்டியா?" என்று அன்றைக்கு எடுத்ததும் கேட்டேன்.

"இல்லம்மா, சும்மாத்தான் அடிச்சுப் பாத்தேன்."

"சும்மா சும்மா அடிச்சா நான் எப்ப மாட்டப் புடிச்சுக் கட்டறது? வண்டி ஓடறப்ப போன் பேசாத. வை" என்றேன்.